பெயர் வேண்டாம், விலாசம் வேண்டாம்

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்த அந்த மனிதரை எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிட்டார்கள். காரணம், அவரிடம் ஒரு படகு இருந்தது. பச்சை நிறம், இரண்டு பேர் உட்காரலாம், துடுப்பு போட்டு ஓட்ட வேண்டும். ஏரிக்கரையில் நீர்வழித் துறைக்குச் சொந்தமான கொட்டகையில் இடம் பிடித்து அதை நிறுத்தி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்புவார். வெயில் ஏறியதும் திரும்பி வருவார். பேன்ட்டின் கீழ் முனை நனைந்திருக்கும். "இன்னிக்குக் காத்து கொஞ்சம் முரண்டு பிடிச்சுது" என்று மனைவியிடம் சொல்வார். அவளும் அதைப் பக்கத்து வீடுகளில் போய்ச் சொல்வாள்.

அந்தப் படகை அவர் ஓட்டியதே இல்லை.

வாங்கிய புதிதில் ஒரு நாள் அதைத் தண்ணீரில் இறக்கினார். ஒரு காலைப் படகுக்குள் வைத்தார். மற்றொரு கால் கரையில் இருந்தது. படகு லேசாக நகர்ந்தது. அவ்வளவுதான். கீழே இருக்கும் ஏரி முழுவதும் அந்த ஒரு காலைப் பிடித்து இழுப்பது போல அவருக்கு இருந்தது. அன்றைக்குக் கொட்டகையில் மரத் தாங்கியின் மேல் ஏற்றிய படகு அப்புறம் இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அந்தத் தாங்கியின் மேல் இருந்த படகுக்குள் ஏறி உட்கார்ந்து, பேப்பரை விளம்பரம் உட்பட முழுக்கப் படித்துவிட்டு, போகும்போது குழாயடியில் பேன்ட் முனையை நனைத்துக்கொள்வார். நனைக்கும்போது குனிந்து பார்க்க மாட்டார். வேறு யார் பார்த்தாலும் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம், தானே பார்த்துவிட்டால் என்ன சொல்வது?

எதற்கு வாங்கினார் என்று கேட்டால், மச்சினன் வாயால் வந்த வினை. மனைவியின் தம்பி. வாய் நீளம், மனசு கெட்டதில்லை. ஒரு தடவை சொந்தக்காரர்கள் எல்லோரும் கூடியிருந்தபோது, "மாமாவைப் பத்தி என்ன சொல்றது? கண்ணாடிக் கடை, வீடு. கொஞ்சம் மாத்திச் சொல்லணும்னா, வீடு, கண்ணாடிக் கடை" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மனைவி மட்டும் சிரிக்காமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாரமே, ஊரை விட்டுப் போகும் ஒரு வாடிக்கையாளர் படகை விற்பதாகச் சொன்னார். இவர் அவருடைய கண்ணைப் பரிசோதித்துக்கொண்டே சரி என்றுவிட்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் நீர்வழித் துறைக்குப் பொழுதுபோக்குப் படகோட்டிகளின் மேல் அக்கறை வந்தது. அவர்கள் பாதுகாப்பாக இருக்கிறார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு கணக்கெடுப்பு தொடங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கணக்கெடுப்பாளன் ஒருவன் கையில் டேப்லெட்டோடு கொட்டகைக்கு வந்தான்.

"உங்க பேர் வேணாம் சார், விலாசம் வேணாம். நீங்க யாருன்னு யாருக்கும் தெரியாது" என்று ஆரம்பித்தான். "படகு என்ன நிறம்?"

"பச்சை."

"கொட்டகையில எத்தனாவது வரிசை? உங்க வயசு? எங்க வேலை? கடை எந்தத் தெருவில? மீசை உண்டா?"

"மீசை எதுக்கு?"

"லைஃப் ஜாக்கெட் கழுத்துப் பட்டைக்குச் சம்பந்தம் இருக்காம் சார். மேல இருந்து கேக்கச் சொல்லியிருக்காங்க."

மீசை உண்டு என்று பதிவானது.

"கடைசியா படகை எப்போ தண்ணில இறக்கினீங்க?"

கேப்டன் வழக்கமான பதிலுக்கு வாயைத் திறந்தார். போன வாரம், காற்று எதிர்ப்பு என்று சொல்ல வேண்டியது. ஆனால் அந்தப் பையன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவனுக்கு இவர் பெயர் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. இப்படி ஒரு ஆள் தன் வாழ்க்கையில் இனி வரமாட்டான் என்று கேப்டனுக்குத் தோன்றியது.

"ஒரே ஒரு தடவை இறக்கினேன் தம்பி. அதுவும் ஒரு கால்தான் வச்சேன்."

"அரைத் தடவைன்னு போட முடியாது சார். பூஜ்யம்னு போடறேன். காரணம்?"

"பயம்."

"எது மேல? காத்து, அலை, மத்த படகுகள், நீர்வாழ் உயிரினங்கள்."

"தண்ணி மேல."

பையன் டேப்லெட் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். "தண்ணி இதுல இல்லையே சார். 'பிற'ன்னு போட்டுக்கறேன்."

இன்னும் நிறையக் கேட்டான். கேப்டன் எல்லாவற்றுக்கும் உண்மையைச் சொன்னார். முடிந்ததும் இறுக்கமான செருப்பைக் கழற்றிய மாதிரி இருந்தது. அன்றைக்குக் குழாயடியில் பேன்ட்டை நனைத்தபோதுகூட முன்பு போல அவ்வளவு கூச்சமாக இல்லை.

கணக்கெடுப்பு முடிந்த பிறகுதான் துறைக்கு ஒரு சட்டம் நினைவு வந்தது. மக்களிடம் விவரம் வாங்கினால், அதனால் அவர்களுடைய தனியுரிமைக்கு என்ன ஆபத்து என்று மதிப்பிட வேண்டும். அதற்கென்று ஒரு தனியுரிமை அலுவலர் நியமிக்கப்பட்டார். நேர்த்தியான அம்மாள். பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார். ஆனால் அவருடைய தாழ்ந்த குரல் மற்றவர்களின் சாதாரணக் குரலைவிடக் கொஞ்சம் உரக்க இருக்கும்.

பதில்களை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் மதிப்பீட்டின் முதல் கேள்வி. "முயற்சி பண்ணிப் பாத்தாத்தானே முடியாதுன்னு தெரியும்" என்றார் அலுவலர். பதில்களிலேயே தனித்துத் தெரிந்த ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். படகு வைத்துக்கொண்டு, தண்ணீருக்குப் பயப்படும் ஆள் ஒருவர்தான் இருந்தார்.

கடைக்கு அவர்கள் வந்தது கூட்டமான நேரம். அலுவலரும் ஓர் உதவியாளரும். கேப்டன் ஒரு பெரியவருக்கு ஃபிரேம் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு ரகசியமான விஷயம்" என்று முதலாளியிடம் அலுவலர் குரலைத் தாழ்த்தினார். கடையில் எல்லோரும் திரும்பினார்கள். "பச்சைப் படகு வச்சிருக்கிற, தண்ணின்னா பயப்படற ஒருத்தர் இங்க வேலை பாக்கறாரா? பேரைச் சொல்லிடாதீங்க. தலையை மட்டும் ஆட்டுங்க."

முதலாளி தலையை ஆட்டவில்லை. "கேப்டன், உங்ககிட்ட பச்சைப் படகுதானே?"

"பச்சைதான். ஆனா அது வேற பச்சை" என்றார் கேப்டன். பெரியவரின் மூக்கில் இருந்த ஃபிரேமைக் கழற்றி, மறுபடியும் அதையே மாட்டினார்.

"இவரா? இவரு புயல்லயே படகு விடற ஆளும்மா" என்று முதலாளி சிரித்தார். "போன மாசம் நடு ஏரியில சுழல்ல மாட்டித் திரும்பி வந்தாரு. சொல்லுங்க கேப்டன்."

எல்லோரும் கேப்டனைப் பார்த்தார்கள். அவர் அந்தச் சுழலைப் பற்றிச் சொன்னார். போன மாதம் சொன்னதைவிட இப்போது சுழல் கொஞ்சம் பெரிதாக இருந்தது. சொல்லச் சொல்லக் காது மடல் சூடாகிக்கொண்டே போனது. உதவியாளர் எழுதிக்கொண்டார்: உடன் பணிபுரிபவர்களால் அடையாளம் காண இயலவில்லை. ஆபத்து குறைவு.

ஆனால் விதியின்படி குடும்பத்தாரிடமும் சோதிக்க வேண்டும். வீட்டு விலாசம் கடையிலேயே கிடைத்தது. ஒரு சாயங்காலம் கேப்டன் வீட்டுப் படியேறிக்கொண்டிருந்தபோது அலுவலர் மேலிருந்து இறங்கி வந்தார். இவரைக் கண்டதும் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். "நான் உங்களைப் பாக்கல. நீங்க போங்க" என்றார் சுவரைப் பார்த்தபடி.

வீட்டில் மனைவியும் மச்சினனும் சாப்பாட்டு மேஜையில் இருந்தார்கள்.

"யாரோ நீர்வழித் துறையிலேர்ந்து வந்தாங்க" என்றாள் மனைவி. "உங்க வீட்டுக்காரர் படகைத் தண்ணில இறக்கறாரான்னு கேட்டாங்க. ஞாயித்துக்கிழமை தவறினதே இல்லன்னு சொன்னேன். பாவம், யாரோ தண்ணியப் பாத்துப் பயப்படற ஆளைத் தேடிட்டு இருக்காங்களாம்."

மச்சினனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "தண்ணிக்குப் பயந்தவன் எதுக்குக்கா படகு வாங்கினான்? மாடியில நிறுத்தி வச்சுத் துணி காயப் போடவா?"

கேப்டனும் சிரித்தார். சத்தமாகவே சிரித்தார். "கொட்டகையிலயே உக்காந்து பேப்பர் படிப்பானோ என்னமோ" என்று அவரே எடுத்துக் கொடுத்தார். மச்சினன் மேஜையைத் தட்டினான்.

"சிரிக்காதீங்க" என்றாள் மனைவி. "அந்த மனுஷனுக்கு எவ்வளவு கூச்சமா இருக்கும். வீட்ல யார்கிட்டயாவது சொல்லியிருப்பாரா, மாட்டாரா."

கேப்டன் கை கழுவப் போனார். இன்னும் சாப்பிடவே உட்காரவில்லை என்பது குழாயைத் திறந்த பிறகுதான் நினைவு வந்தது.

அதன் பிறகு அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று பல தடவை முயன்றார். "ஒரு விஷயம்" என்று ஆரம்பிப்பார். அவள் நிமிர்ந்து பார்ப்பாள். அந்தப் பார்வையில் இருந்த நம்பிக்கையைப் பார்த்ததும், மின்சாரக் கட்டணம் கட்டியாச்சா என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்.

கடைசியில் துறை ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம் அறிவித்தது. படகு வைத்திருப்பவர்கள் எல்லோரும் குடும்பத்தோடு வர வேண்டும், வராதவர்களுக்குக் கொட்டகையில் இடம் ரத்து. கேப்டன், மனைவி, மச்சினன் மூவரும் போனார்கள். மனைவி நல்ல புடவை கட்டிக்கொண்டாள். கேப்டனின் மனைவி என்று அவளைப் பலருக்குத் தெரிந்திருந்தது. அவளுக்கு முன்வரிசையில் இடம் கொடுத்தார்கள்.

இயக்குநர் மேடைக்கு வந்தார்.

"அன்பான படகோட்டிகளே, முன்பெல்லாம் உங்களைப் பற்றி எங்களுக்கு ஒன்றுமே தெரியாது. அதனால் உங்கள் தனியுரிமையைக் காப்பாற்ற எங்களுக்கு வழியில்லாமல் இருந்தது. இல்லாத பொருளுக்கு யார் காவல் நிற்க முடியும்? இன்று உங்களைப் பற்றி எங்களுக்கு எல்லாம் தெரியும். ஆகவே, இனிமேல் காப்போம்."

கைதட்டல் எழுந்தது. இயக்குநர் அது ஓயும்வரை காத்திருந்தார்.

"சிலர் கேட்கலாம், தெரிந்துகொள்ளாமலே இருந்திருக்கலாமே என்று. அப்படி இருந்திருந்தால் இந்தப் பிரிவே இருந்திருக்காது. இதில் இத்தனை பேருக்கு வேலை கிடைத்திருக்காது. உங்கள் ரகசியங்கள்தான் எங்கள் அடித்தளம்."

பிறகு தனியுரிமை அலுவலர் எழுந்து மதிப்பீட்டை விளக்கினார். மாதிரிக்கு ஒரு பதிலாளரை எடுத்துக்கொண்டதாகச் சொன்னார். பெயர் சொல்லப்படாது, கவலை வேண்டாம் என்றார். எப்போது எடுத்தார்களோ, திரையில் ஒரு படம் வந்தது. ஒரு மனிதர், கண்களின் மேல் கறுப்புப் பட்டை. பட்டைக்குக் கீழே கேப்டனின் மீசை. பின்னால் கண்ணாடிக் கடையின் பெயர்ப் பலகை. பக்கத்தில் பச்சைப் படகு தனிப்படமாக இருந்தது. "இவர் தன் படகை ஒருபோதும் தண்ணீரில் இறக்கியதில்லை. காரணம்: பிற. அடைப்புக்குறிக்குள், தண்ணீர்" என்று வாசித்தார்.

கூடத்தில் யாரோ இருமினார்கள்.

"இப்ப ஒரு சின்னச் சோதனை. இவர் யாருன்னு உங்கள்ல யாருக்காவது தெரியுதா? தெரிஞ்சவங்க கையைத் தூக்குங்க. பேர் சொல்லக் கூடாது."

முதலில் பின்வரிசையில் ஒரு கை எழுந்தது. அப்புறம் நடுவில் இரண்டு. கொட்டகைக் காவலாளி தூக்கினார். உதவியாளர் வரிசை வரிசையாக நடந்து எண்ணினார். தூக்கலாமா வேண்டாமா என்று தயங்கியவர்களிடம், "முழுசா தூக்குங்க, பாதியில நிறுத்தினா கணக்கு வராது" என்றார். மச்சினன் பள்ளிக்கூடப் பழக்கத்தில் கையைத் தூக்கிவிட்டு, அக்காவின் முகத்தைப் பார்த்ததும் தலையைச் சொறிவது போல இறக்கிக்கொண்டான்.

மனைவியின் கைகள் மடியில் இருந்தன. உதவியாளர் அவள் அருகில் வந்து நின்றார்.

"அம்மா, உங்களுக்கு இவரைத் தெரியுதா?"

அவள் திரையைப் பார்த்தாள். உதவியாளர் பேனாவோடு காத்திருந்தார். "தெரியும், தெரியாது, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கம்மா. உங்களால கூட்டம் நிக்குது" என்றார்.

அவளுடைய கழுத்து சிவந்துகொண்டே போவதைக் கேப்டன் பக்கத்திலிருந்து பார்த்தார். தன் முகம் எரிவதை அவர் பொறுத்துக்கொண்டிருந்தார். இதைப் பொறுக்க முடியவில்லை. எழுந்தார்.

"அவளை விடுங்க. அது நான்தான்" என்றார். மேடைப் பக்கம் திரும்பினார். "அந்த ஆள் நான்தான். எனக்குத் தண்ணின்னா பயம். நான் சொன்ன சுழல், காத்து, எல்லாம் பொய். யாருன்னு தெரியாதுன்னு சொன்னீங்க. அதை நம்பிச் சொன்னேன்."

இயக்குநரும் அலுவலரும் தலைகளைச் சேர்த்து ஏதோ பேசினார்கள். நிமிர்ந்தபோது இயக்குநரின் முகம் மலர்ந்திருந்தது.

"நண்பர்களே, ஒரு முக்கியமான திருப்பம். இந்தப் பதிலாளர் தன்னைத் தானே வெளிப்படுத்திக்கொண்டார். ஆகவே துறையிலிருந்து எந்தத் தகவலும் வெளியே போகவில்லை. ஒரு குடிமகன் தன் சொந்த விருப்பத்தின் பேரில், தன் சொந்த வாயால் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பாக முடியாது. தூக்கிய கைகள் எல்லாம் செல்லாது. ஆபத்து: இல்லை என்று பதிவு செய்யப்படுகிறது."

கூடம் கைதட்டியது. அலுவலர் மேடையிலிருந்து இறங்கி வந்து, துறையின் நினைவுப் பரிசாக ஒரு லைஃப் ஜாக்கெட்டைக் கேப்டனின் தலைவழியாக மாட்டி, பட்டையை இறுக்கிவிட்டார். புகைப்படம் எடுத்தார்கள். கழுத்துப் பட்டை மீசையில் உரசியது.

பஸ்ஸில் கணவனும் மனைவியும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார்கள். மச்சினன் அடுத்த பஸ்ஸில் வருவதாகச் சொல்லி நின்றுவிட்டான். அவன் வாயிலிருந்து அன்றைக்கு ஒரு கேலிகூட வரவில்லை. அதுவே கேப்டனுக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

பாதி தூரத்தில் அவள் சொன்னாள்:

"எனக்குக் கரப்பான்னா பயம். தெருவுக்கே தெரியும். என்ன குறைஞ்சு போயிட்டேன்?"

அவர் மடியில் இருந்த ஜாக்கெட்டின் கொக்கியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"அரசாங்கத்துக்கிட்ட சொல்ல வாய் வந்துது. என்கிட்ட வரல."

"அந்தப் பையன் என் பேரைக் கேக்கல" என்றார் அவர். "அதான் சொல்ல முடிஞ்சுது."

"வேற என்ன கேட்டாங்க? என்னைப் பத்தி ஏதாவது?"

"உன்னைப் பத்தி நேரா கேக்கல."

"பின்ன?"

சொல்லாமல் விட்டிருக்கலாம். அவளுக்குத் தெரிய வழியே இல்லை. ஆனால் ஒரே நாளில் இரண்டாம் முறை உண்மை சொல்வது முதல் தடவையைவிடச் சுலபமாக இருக்கும் என்று அவர் தவறாக நினைத்துவிட்டார்.

"ஏதாவது ஆச்சுன்னா யாருக்குத் தகவல் சொல்லணும்னு கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

"யாருக்கும் வேணாம்னு."

பஸ் நின்று, ஆட்கள் இறங்கி, மறுபடியும் கிளம்பியது.

"உனக்குச் சொன்னா, நான் கொட்டகையிலயே இருந்தது தெரிஞ்சிடுமேன்னு..." என்றார்.

"நீங்க செத்தாக்கூட எனக்குத் தெரியக் கூடாது."

"அப்படி இல்ல."

"அப்படித்தான்." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "படகு, சுழலு, காத்து, எல்லாம் எப்படியோ போகட்டும். அதை மட்டும் மாத்திட்டு வாங்க."

மறுநாள் காலையில் கடைக்கு விடுமுறை சொல்லிவிட்டுக் கேப்டன் நீர்வழித் துறை அலுவலகத்துக்குப் போனார். வாசல் காவலர் அவரைக் கண்டதும் எழுந்து வணக்கம் சொன்னார். நடைவழியில் போனவர்கள் நின்று புன்னகைத்தார்கள். தனியுரிமை அலுவலரின் அறையில், கண்ணுக்குக் கறுப்புப் பட்டை போட்ட அவருடைய படம் அதற்குள் சட்டம் போட்டு மாட்டப்பட்டிருந்தது.

"வாங்க கேப்டன் சார், உக்காருங்க. வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்றார் அலுவலர்.

"ஒரு பதிலை மாத்தணும் மேடம். அவசரத்துக்கு யாருக்குத் தகவல் சொல்லணும்ங்கற கேள்வி. யாருக்கும் வேணாம்னு இருக்கும். அதை என் மனைவின்னு மாத்தணும்."

அலுவலரின் முகத்திலிருந்து புன்னகை போய்ப் பொறுப்பு வந்தது. "எந்தப் பதிலாளரோட பதில்?"

"என்னோடது."

"பதில்கள்ல பேர் கிடையாது சார். எது உங்களோடதுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

கேப்டன் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். அலுவலரும் திரும்பிப் பார்த்தார்.

"அவர் ஒரு பதிலாளர். அவர் யாருன்னு துறைக்குத் தெரியாது" என்றார்.

"நேத்து நான்தான்னு சொன்னேனே மேடம். ஜாக்கெட் கூடப் போட்டு விட்டீங்க."

"அது நீங்க உங்களைப் பத்திச் சொன்னது. அதை நாங்க நம்பினோம்னா, ஆளைக் கண்டுபிடிச்சோம்னு ஆயிடும். அப்புறம் மதிப்பீடே தப்பாயிடும்." அவர் குரலைத் தாழ்த்தினார். பக்கத்து அறையில் தட்டச்சு நின்றது. "உங்க நல்லதுக்குத்தான் சார் சொல்றேன். அந்தப் பதில் அப்படியே பத்திரமா இருக்கும். யாராலயும் தொட முடியாது."

"எத்தனை நாளைக்கு?"

"நிரந்தரமா" என்றார் அலுவலர், ஆறுதலாக.

கேப்டன் வீட்டுக்கு நடந்தே வந்தார். மாற்றிவிட்டேன் என்று சொன்னால் போதும். இந்தப் பொய்யை உலகத்தில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அரசாங்கமே அதற்குக் காவல் நிற்கிறது. இவ்வளவு பாதுகாப்பான பொய் இனி ஒருபோதும் அவருக்குக் கிடைக்கப் போவதில்லை. தெருமுனை வரை அதையே மனதில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். நன்றாகத்தான் இருந்தது.

கதவைத் திறந்தவள் வாசலிலேயே கேட்டாள். "மாத்திட்டீங்களா?"

"இல்ல" என்றார். "மாத்த முடியாதாம். நான் யாருன்னு அவங்களுக்குத் தெரியாதாம்."

"எனக்கும்தான் தெரியல" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் அவரும் ஏதாவது பேசியிருப்பார். அவள் கோபப்படவில்லை. முதல் தடவையாக வீட்டுக்கு வந்திருக்கும் ஒருவரிடம் சொல்வது போல மரியாதையாகச் சொன்னாள். அப்புறம் ஒதுங்கி வழிவிட்டு, கூடத்தில் இருந்த நாற்காலியைக் காட்டி, உட்காருங்கள் என்றாள்.